மகன் ஐபோன் என்கிறான், மருமகன் சாம்சங் என்கிறார்: நான் எதை வாங்க?

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை. வயது 64. மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறேன். கையில் இருப்பது ஐந்து வருடப் பழைய ஆண்ட்ராய்டு போன். கண்ணாடியில் கீறல், மெமரி நிறைந்துவிட்டது என்று தினமும் புலம்பல். நியூஜெர்சியில் இருக்கும் மகன் டிசம்பரில் வரும்போது ஐபோன் வாங்கி வருவதாகச் சொல்கிறான், அதுதான் பாதுகாப்பாம். கோயம்புத்தூரில் இருக்கும் மருமகனோ, ஐபோனெல்லாம் வெறும் பந்தா, அத்தைக்கு சாம்சங் போதும் என்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை வராத நாள் இல்லை. எனக்கு வேண்டியது வாட்ஸ்அப், யூடியூப், ஜிபே, பென்ஷன் வரும் வங்கியின் ஆப். சிம் இரண்டு: பிஎஸ்என்எல் எண் பென்ஷன் கணக்கோடும் ஆதாரோடும் இணைந்தது, ஜியோ நெட்டுக்காக. நிலத்தகராறு வழக்கு ஒன்று ஓடுகிறது, வக்கீல் போனில் சொல்வதைப் பதிவு செய்து வைத்து மறுபடி கேட்டால்தான் எனக்குப் புரிகிறது. இன்னொன்று, காலமான என் கணவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்திகள் இந்த போனில்தான் இருக்கின்றன. அவை போய்விடக் கூடாது. எதை வாங்குவது?

பதில்:

வணக்கம் டீச்சர்.

சண்டையை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். உங்கள் மகன் சொல்வதும் பொய்யில்லை, மாப்பிள்ளை சொல்வதும் பொய்யில்லை. ஆளுக்கு ஆள் தன் கையில் இருக்கிற போனைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். அதிலும் இந்த ஐபோன் ஆண்ட்ராய்டு கட்சிக்காரர்கள் இருக்கிறார்களே, மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் கதைதான். தன் போன் ஹேங் ஆனால் "அப்டேட் வந்தால் சரியாகிடும்", அடுத்தவன் போன் ஹேங் ஆனால் "அந்தக் கம்பெனியே அப்படித்தான்". சர்வீஸ் கடை வைத்திருக்கிற எனக்கு இரண்டு கட்சியும் வாடிக்கையாளர்கள்தான்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். அமெரிக்காவிலிருந்து போன் வர வேண்டாம். எதை வாங்கினாலும் இங்கே வாங்குங்கள். இரண்டில் எது என்றால், நீங்கள் எழுதியிருக்கும் தேவைகளுக்கு சாம்சங் ஏ வரிசையில் ஒன்று சரியாக இருக்கும். ஆனால் பாதுகாப்பு விஷயத்தில் உங்கள் மகன் சொல்வதில் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது, அதை மாப்பிள்ளை காதில் போட்டே ஆக வேண்டும்.

முதலில் அமெரிக்க போன் ஏன் வேண்டாம் என்பது. 2022-ல் வந்த ஐபோன் 14-இலிருந்து, அமெரிக்காவில் விற்கிற ஐபோன்களில் சிம் போடும் இடமே கிடையாது. பக்கவாட்டில் ஊசியால் குத்தினால் வெளியே வருமே ஒரு சின்னத் தட்டு, அது இல்லை, குத்துவதற்கு ஓட்டையும் இல்லை. எல்லாம் இ-சிம். அதாவது சிம் அட்டைக்குப் பதிலாக, கம்பெனிக்காரர்கள் உங்கள் எண்ணை இணையம் வழியாக போனுக்குள்ளேயே இறக்கிக் கொடுப்பார்கள். இதே மாடல்களை இந்தியக் கடையில் வாங்கினால், ஐபோன் ஏர் ஒன்றைத் தவிர, சிம் தட்டு இருக்கும். பலருக்கு இது தெரிவதில்லை. அமெரிக்காவிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "சிம் எங்க போடறது?" என்று கேட்டு வருகிறவர்களை நான் பார்க்கிறேன்.

இதில் வேடிக்கை, அந்த போன் பெரும்பாலும் நம் பக்கத்திலேயே செய்ததாக இருக்கும். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் பல வருடங்களாக ஐபோன் தயாராகிறது, ஓசூரில் டாடா ஆலையும் செய்கிறது. அந்த ஏப்ரல்-ஜூன் காலாண்டில் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் பாதிக்கு மேல் இந்தியாவில் தயாரானவையாக இருக்கும் என்று ஆப்பிளின் தலைமை நிர்வாகியாக டிம் குக்கே 2025 மே மாதம் சொன்னார். ஆக, உங்களுக்கு நாலைந்து மணி நேரப் பயணத் தூரத்தில் செய்த போன், நியூஜெர்சி போய், உங்கள் மகன் பெட்டியில் ஏறி, மறுபடி மயிலாடுதுறை வருகிறது, சிம் தட்டை மட்டும் விட்டுவிட்டு.

இ-சிம் கெட்ட விஷயமில்லை. ஜியோவிலும் ஏர்டெலிலும் சாதாரணமாகக் கிடைக்கிறது. உங்கள் சிக்கல் பிஎஸ்என்எல். தமிழ்நாட்டில் அவர்கள் இ-சிம் கொடுக்க ஆரம்பித்ததே 2025-ல்தான், அதற்கும் சேவை மையத்துக்கு அடையாளச் சான்றோடு போய் நிற்க வேண்டும். சரி, ஒரு தடவை போய் மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாலும், போன் கெட்டுப்போகிற அன்றைக்கு என்ன செய்வீர்கள்? சாதாரண சிம் என்றால் கழற்றிப் பழைய போனிலோ பக்கத்து வீட்டுப் பையன் போனிலோ போட்டு ஓடிபி பார்த்துவிடலாம். இ-சிம் என்றால் முடியாது, மறுபடி கம்பெனி மையத்துக்கு நடை. அதோடு, அதே எண்ணுக்குப் புது சிம்மோ இ-சிம்மோ வாங்கினால் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் போக்குவரத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2022-லிருந்து விதி வைத்திருக்கிறது. உங்கள் எண்ணை வேறு எவனாவது ஏமாற்றி வாங்கிப் பணத்தை எடுத்துவிடக் கூடாதே என்பதற்காக. நல்ல விதிதான், ஆனால் அந்த ஒரு நாள் ஓடிபி வராது, வங்கி ஆப் திறக்காது. தனியாக இருக்கிறவருக்கு, அதுவும் பென்ஷன் எண்ணில், இந்தத் தலைவலியை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

அப்புறம் லாக். அங்கே மாதத் தவணையில், நெட்வொர்க் கம்பெனி வழியாக வாங்கின போன் பெரும்பாலும் அந்தக் கம்பெனிக்கே பூட்டியிருக்கும், தவணை முடியும்வரை இங்கே உங்கள் சிம் எடுக்காது. மகன் ஏற்கனவே வாங்கிவிட்டான் என்றால் அமைப்புகளில் 'ஜெனரல்', அதற்குள் 'அபவுட்' போய் 'கேரியர் லாக்' என்ற வரியைப் பார்க்கச் சொல்லுங்கள். 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தால்தான் தப்பித்தீர்கள். வாரண்டியும் அப்படித்தான்: ஐபோனுக்கு வாங்கிய நாட்டில் மட்டும் சர்வீஸ் என்று கட்டுப்படுத்தும் உரிமையை ஆப்பிள் தன் விதிகளில் வைத்திருக்கிறது. சில சமயம் இங்கே பார்த்தும் கொடுப்பார்கள், ஆனால் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு இல்லை.

இவ்வளவும் தாங்கிக்கொண்டு எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டால் சிரிப்பு வரும். ஐபோன் 17 2025-ல் வந்தபோது அங்கே 799 டாலர், நியூஜெர்சி விற்பனை வரி 6.625 சதவீதம் சேர்த்தால் 850-ஐத் தாண்டும். டாலர் அப்போதைய 88 ரூபாய் என்று வைத்தால் 75,000. இங்கே வந்தபோது விலை ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 82,900. ஏழெட்டாயிரம்தான் வித்தியாசம். பண்டிகைக் காலத்து வங்கி அட்டைத் தள்ளுபடியில் அதுவும் கரைந்துவிடும்.

அடுத்தது பாதுகாப்பு. மகன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சொன்னது இதற்காகத்தான்.

வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்று ஒரு கோப்பு வரும், பெயரின் கடைசியில் 'ஏபிகே' என்று இருக்கும். பத்திரிகைதானே என்று தொட்டால் அது ஒரு ஆப்பாக போனில் ஏறிக்கொள்ளும். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், அவசரத்தில் 'சரி' என்று தட்டிவிடுவோம், அதற்கப்புறம் உங்கள் ஓடிபி எல்லாம் எங்கோ உட்கார்ந்திருக்கிறவனுக்கும் போகும். தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போனில் ஏறினது அவருடைய தொடர்புகளுக்கெல்லாம் தன்னைத்தானே அனுப்பிக்கொள்ளும். போக்குவரத்து அபராதம், கேஒய்சி, கிசான் உதவித்தொகை என்று வேஷம் மாறும், வித்தை ஒன்றுதான். ஐபோனில் இந்தக் கோப்பைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. ஆப் ஸ்டோருக்கு வெளியிலிருந்து இப்படிக் கோப்பைத் தொட்டு ஆப் ஏற்ற நம் நாட்டு ஐபோனில் வழியில்லை, ஏறின ஆப்புக்கும் உங்கள் எஸ்எம்எஸ் பெட்டியைத் திறந்து படிக்கும் அனுமதியை ஆப்பிள் கொடுப்பதில்லை. மாப்பிள்ளை "பந்தா" என்று சொல்வதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

ஆனால் அதே சுவர்தான் உங்களுக்கு வேண்டியதையும் தடுக்கிறது. வக்கீல் பேச்சைப் பதிவு செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஐபோனில் பல வருடம் அந்த வசதியே இல்லை, வெளி ஆப்புகளுக்கும் அழைப்பைத் தொட வழியில்லை. 2024 அக்டோபரில் ஐஓஎஸ் 18.1 என்ற ஐபோன் மென்பொருள் அப்டேட்டில் கொடுத்தார்கள், அதிலும் பதிவு தொடங்கும்போது இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று இரண்டு பக்கமும் கேட்கும்படி ஒரு குரல் அறிவிக்கும். ஆண்ட்ராய்டிலும் கூகுளின் டயலர், அதாவது எண்ணை அழுத்திக் கூப்பிடும் ஆப், வருகிற போன்களில் இதே அறிவிப்பு உண்டு. சாம்சங் இந்தியாவில் விற்கும் போன்களில் அவர்களுடைய சொந்த டயலர், அதில் அறிவிப்பு இல்லாமல் பதிவாகும், குறிப்பிட்ட எண்களை மட்டும் தானாகவே பதிவு செய்யும்படியும் வைக்கலாம். உங்கள் வக்கீல் எண்ணை மட்டும் அதில் சேர்த்துவிட்டால் போதும். ஒன்று, வக்கீலிடம் "சார், நான் பதிவு பண்ணி மறுபடி கேட்டுக்கறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அறிவிப்பு இல்லை என்பதற்காகச் சொல்லாமல் செய்வது எனக்குப் பிடிப்பதில்லை, வழக்கு விஷயம் வேறு.

அப்படியானால் சாம்சங்கில் அந்த ஏபிகே ஆபத்துக்கு என்ன வழி? போனை வாங்கின அன்றே மாப்பிள்ளையை இரண்டு வேலை செய்யச் சொல்லுங்கள். அமைப்புகளில் 'செக்யூரிட்டி அண்ட் பிரைவசி' பகுதியில் 'ஆட்டோ பிளாக்கர்' என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்ய வேண்டும். ஆன் செய்தால் பிளே ஸ்டோர், சாம்சங்கின் சொந்தக் கடை போன்ற நம்பகமான இடங்களைத் தவிர வேறு எங்கிருந்தும் ஆப் ஏறாது. அதோடு 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' என்ற பட்டியலைத் திறந்தால் வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் என்று வரிசையாக வரும், எல்லாவற்றிலும் அனுமதி அணைந்திருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் செய்துவிட்டால் ஐபோனின் அந்தச் சுவரில் முக்கால்வாசி உங்களுக்கும் கிடைத்துவிடும். மிச்சம் கால்வாசி எந்த போனிலும் கிடையாது. சிபிஐயிலிருந்து பேசுகிறேன், நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், வீடியோவை அணைக்கக் கூடாது என்று ஒருவன் சீருடை போட்டுக்கொண்டு மிரட்டினால், ஐபோன் அவனை அழகாக, தெளிவாகக் காட்டும், அவ்வளவே. அப்படி எந்த அழைப்பு வந்தாலும் வைத்துவிட்டு மகனுக்கோ மாப்பிள்ளைக்கோ கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு.

உங்கள் மகன் ஏன் ஐபோனில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறார் என்பதற்கு ஊர்க் காரணமும் இருக்கிறது. நமக்கு எல்லாமே வாட்ஸ்அப். அமெரிக்காவில் பெரும்பாலும் போனோடு வரும் மெசேஜ் ஆப்பிலேயே பேசிக்கொள்கிறார்கள், அதில் ஐபோன்காரர் இன்னொரு ஐபோன்காரருக்கு அனுப்பினால் நீலக் குமிழி, ஆண்ட்ராய்டுக்கு அனுப்பினால் பச்சைக் குமிழி. பச்சை என்றால் அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் மத்தியில் ஒரு இளக்காரம். அந்த அரசாங்கமே 2024 மார்ச்சில் ஆப்பிள் மேல் ஏகபோக வழக்குப் போட்டபோது இந்தக் குமிழி விவகாரத்தையும் அதில் சேர்த்தது. அதே வருடம் செப்டம்பரில் ஆப்பிள் ஆர்சிஎஸ் என்ற பொது முறையைச் சேர்த்த பிறகு, படம் மங்கலாகப் போவது போன்ற தொந்தரவுகள் குறைந்தன, குமிழியின் நிறம் மட்டும் மாறவில்லை. அந்த ஊரில் இருப்பவருக்கு அம்மா கையிலும் அதே போன் இருந்தால் நல்லது என்று தோன்றுவது இயல்பு. மயிலாடுதுறையில் உங்கள் போனில் எந்தக் குமிழி என்று யாரும் பார்க்கப் போவதில்லை. பேரப்பிள்ளைகளோடு பேச வாட்ஸ்அப் வீடியோ போதும். ஐபோனின் சொந்த வீடியோ அழைப்பான ஃபேஸ்டைம்தான் வேண்டும் என்று மகன் அடம்பிடித்தால், அவர் ஒரு இணைப்பு அனுப்பினால் நீங்கள் குரோமிலேயே திறந்து சேர்ந்துகொள்ளலாம், 2021-லிருந்து அந்த வழி உண்டு. படங்களுக்கு, அவருடைய ஐபோனில் கூகுள் போட்டோஸ் போட்டு ஒரு பகிர்வு ஆல்பம் தொடங்கச் சொல்லுங்கள், பிள்ளைகளின் படம் ஏறஏற உங்களுக்கும் வந்துகொண்டே இருக்கும். நீங்களே அங்கே போய் நிரந்தரமாகத் தங்குவதாக இருந்தால் என் பதில் வேறாக இருக்கும், அப்போது கண்ணை மூடிக்கொண்டு ஐபோன் வாங்குங்கள், உதவிக்கு வீட்டிலேயே ஆள் இருக்கும்.

அந்த உதவி விஷயத்தைத்தான் போன் வாங்கும்போது யாரும் யோசிப்பதில்லை. போன் திடீரென்று ஏதோ கேட்கிறது, திரை மாறிவிட்டது, சத்தம் வரவில்லை. அந்த நேரத்தில் உங்கள் பக்கத்தில் இருப்பவர் கையில் என்ன போன்? கிராமத்தில் பத்துக்கு ஒன்பது பேரிடம் ஆண்ட்ராய்டுதான் இருக்கும். மருந்துக்கடைப் பையனோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ வாங்கி ஒரு நிமிடத்தில் சரிசெய்து கொடுத்துவிடுவார்கள். ஐபோனை நீட்டினால் "எனக்கு இது தெரியாதுங்க டீச்சர்" என்று திருப்பிக் கொடுப்பார்கள். நியூஜெர்சியில் அப்போது நடுராத்திரியாக இருக்கும்.

பழக்கமும் ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கீழே ஒரு பேக் பட்டன், எங்கே மாட்டிக்கொண்டாலும் அதைத் தட்டித் தட்டி வெளியே வந்துவிடலாம். ஐபோனில் அப்படி எல்லா இடத்துக்கும் பொதுவான ஒரு பட்டன் கிடையாது. சில ஆப்பில் இடது மேல் மூலையில் சின்ன அம்புக்குறி, சிலவற்றில் திரையின் இடது ஓரத்திலிருந்து விரலால் இழுக்க வேண்டும், சிலவற்றில் மேலிருந்து கீழே தள்ள வேண்டும். இருபது வயதுக்காரருக்கு அரை நாளில் பழகும், வயதானவர்கள் இங்கேதான் கோபப்பட்டு போனை மேசைமேல் வைத்துவிடுகிறார்கள். சாம்சங்கில் பேக் பட்டன் வலப்பக்கம் இருக்கும். உங்கள் பழைய போனில் இடப்பக்கம் இருந்தால், 'டிஸ்ப்ளே' அமைப்பில் 'நேவிகேஷன் பார்' போய் இடம் மாற்றிக்கொள்ளலாம். அங்கேயே 'ஈஸி மோட்' என்று ஒன்று இருக்கும், படங்களும் எழுத்தும் பெரிதாகிவிடும். ஐபோனிலும் எழுத்தைப் பெரிதாக்கலாம், அதில் குறையில்லை.

ஜிபே இரண்டிலும் ஒரே மாதிரி வேலை செய்யும். தொடங்கும்போது மட்டும் ஒரு வித்தியாசம்: வங்கி சரிபார்ப்புக்கு உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும், ஆண்ட்ராய்டில் அது தானாகப் போய்விடும், ஐபோனில் புரியாத எழுத்துகளோடு ஒரு மெசேஜ் திறந்து நிற்கும், நீங்களே அனுப்பு என்று தட்ட வேண்டும். அங்கே ஜியோ எண்ணிலிருந்து போய்விட்டால் வேலைக்காகாது, வங்கியில் பதிந்த பிஎஸ்என்எல் எண்ணிலிருந்துதான் போக வேண்டும். கேமரா பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, நல்லது. 50 மெகாபிக்சல், 200 மெகாபிக்சல் என்று விற்பனைப் பையன் அடித்துவிடுவான், வெளிச்சம் குறைந்தால் பல புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கித்தான் இந்த மாதிரி போன்கள் படம் எடுக்கின்றன, எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். தமிழில் எழுத இரண்டிலும் நல்ல விசைப்பலகைகள் இருக்கின்றன. ஐபோனில் அஞ்சலும் தமிழ் 99-ம் உள்ளேயே வரும், ஆண்ட்ராய்டில் கூகுளின் ஜிபோர்டு. நீளமாக எழுதுகிறவராகத் தெரிகிறீர்கள், ஜிபோர்டில் மைக்கைத் தட்டித் தமிழிலேயே பேசிப் பாருங்கள், முக்கால்வாசி சரியாக எழுதிவிடும்.

இனி உங்கள் கணவரின் குரல் செய்திகள். இதைத்தான் நீங்கள் கடைசியில் எழுதினீர்கள், எனக்கு இதுதான் முதல் வேலை. புது போன் எது என்று முடிவாவதற்கு முன்னாலேயே, இந்த வாரமே செய்துவிடுங்கள்.

முதலில் செய்யக் கூடாதது. மெமரி நிறைந்துவிட்டது என்று யாராவது 'கிளீனர்' ஆப் போட்டுத் தருகிறேன் என்றால் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப் மீடியாவை மொத்தமாக அழிக்கவும் விடாதீர்கள். குரல் செய்தி உங்கள் கண்ணுக்கு உரையாடலில் தெரிந்துகொண்டிருக்கும், கோப்பு அழிந்துவிட்டால் தட்டினால் பேசாது. கூகுள் டிரைவில் பேக்கப் இருக்கிறதே என்று நம்பியும் இருக்காதீர்கள். கூகுள் தரும் 15 ஜிபி இலவச இடம் மெயில், படம், வாட்ஸ்அப் பேக்கப் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான், முன்பு வாட்ஸ்அப்புக்கு இருந்த சலுகையை 2024-ல் எடுத்துவிட்டார்கள். இடம் நிறைந்தால் பேக்கப் ஓசையில்லாமல் நின்றுபோகும். வாட்ஸ்அப் அமைப்பில் 'சாட் பேக்கப்' திறந்து கடைசித் தேதியைப் பாருங்கள், பல மாதத்துக்கு முந்தைய தேதி இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

செய்ய வேண்டியது இது. கணினி வைத்திருக்கும் யாரையாவது, அல்லது ஊரில் நம்பிக்கையான கடைக்காரரை, போனைக் கேபிளில் இணைக்கச் சொல்லுங்கள். போன் நினைவகத்தில் ஆண்ட்ராய்டு என்ற கோப்புறை, அதற்குள் மீடியா, அதற்குள் காம் டாட் வாட்ஸ்அப், அதற்குள் வாட்ஸ்அப், மறுபடி மீடியா, அதில் 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' என்று ஒன்று இருக்கும். திறந்தால் வருடமும் வாரமும் சேர்ந்த எண்ணில் நிறையக் குட்டிக் கோப்புறைகள். எது அவருடையது என்று தேட வேண்டாம், அந்த 'வாய்ஸ் நோட்ஸ்' முழுவதையும் அப்படியே இரண்டு பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். ஓபஸ் என்ற வகைக் கோப்புகள், கணினியில் விஎல்சி என்ற பிளேயரில் போட்டால் கேட்கும். உங்கள் கண் முன்னாலேயே ஒன்றிரண்டைத் திறந்து கேட்டுப் பார்த்த பிறகு கடையை விட்டுக் கிளம்புங்கள். ஒரு பென் டிரைவ் வீட்டில், இன்னொன்று மகள் வீட்டில்.

இது முடிந்தால் பாதிப் பயம் போய்விடும். ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறினால் வாட்ஸ்அப்பில் 'டிரான்ஸ்ஃபர் சாட்ஸ்' என்ற வழி இருக்கிறது, இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் எல்லாம் குரல் செய்தியோடு போய்விடும், டிரைவ் தேவையில்லை. ஐபோனுக்குப் போவதானால் 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற ஆப் வழியாக, புது போனை முதன்முதலில் தொடங்கும்போதே செய்ய வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆசையில் ஐபோனைத் திறந்து, இரண்டு நாள் பயன்படுத்திவிட்டு, வாட்ஸ்அப் பழசு வரவில்லையே என்று வருவார்கள். ஆண்ட்ராய்டின் டிரைவ் பேக்கப்பை ஐபோன் படிக்காது. மறுபடி முழுக்க அழித்து முதலிலிருந்து தொடங்குவது ஒன்றுதான் வழி. மகன் அன்பாக அங்கேயே எல்லாம் செட் பண்ணிக் கொண்டுவந்து கொடுத்தால் இதுதான் நடக்கும்.

ரிப்பேர் பற்றியும் ஒரு வார்த்தை. போனைக் கீழே போடாதவர் யாரும் இல்லை. ஏ வரிசை சாம்சங்கில் காம்போ, அதாவது டிஸ்ப்ளேயும் டச் கண்ணாடியும் சேர்ந்தது, மாற்றும் செலவும் ஐபோன் காம்போ மாற்றும் செலவும் ஒரே தராசில் நிற்காது. வெளியே காப்பி டிஸ்ப்ளே போட்டால் ஐபோன் அமைப்பில் 'தெரியாத பாகம்' என்று எழுதிக் காட்டும், சில வசதிகள் போய்விடும். அசல் வேண்டும் என்றால் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர், அது உங்கள் ஊரிலிருந்து எத்தனை தூரம் என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐபோன் நிறைய வருடம் உழைக்கும் என்று மகன் சொல்லியிருப்பார். நிஜம்தான், 2018-ல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ்ஸுக்கு 2024-ல் வந்த ஐஓஎஸ் 18 வரை கிடைத்தது. முன்பெல்லாம் ஆண்ட்ராய்டில் இரண்டு வருடத்தில் கைகழுவிவிடுவார்கள். இப்போது அப்படியில்லை. சாம்சங் ஏ26, ஏ36, ஏ56 மூன்றுக்கும் ஆறு வருட அப்டேட் உறுதி கொடுத்திருக்கிறது. ஆனால் அந்த ஆறு வருடம் நீங்கள் வாங்கும் நாளிலிருந்து இல்லை, மாடல் வெளிவந்த நாளிலிருந்து. கடையில் பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடி என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். மாடல் எப்போது வந்தது என்று கேளுங்கள்.

25,000 முதல் 35,000 ரூபாய்க்குள் முடித்துக்கொள்ளுங்கள், 128 ஜிபிக்குக் குறைவாக வேண்டாம். மகனுக்கு வாங்கிக் கொடுத்த திருப்தி வேண்டும் என்றால் அங்கிருந்தே பணம் போடட்டும், மாப்பிள்ளை போய் வாங்கி வரட்டும், இரண்டு பேருக்கும் வேலை கிடைத்த மாதிரி இருக்கும். பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பை மாற்றிய பிறகும் பழைய போனை ஒரு மாதமாவது எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள், எத்தனை ஆயிரம் கழிக்கிறேன் என்று சொன்னாலும். மாற்றம் பாதியில் நின்றுவிட்டால் பழைய போனில் எதையும் அழிக்காமல், வாட்ஸ்அப்பை நீக்காமல், அணைத்து வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.